வீட்டு நாய்க்குத் திடீர்க் காயம்: முதல் அரைமணி நேரத்தில் செய்ய வேண்டுவன

கொல்லிமலைக் குடிகள் பலருக்கு நாய் பொழுதுபோக்குப் பிராணி மட்டுமன்று. சாமையும் தினையும் விளையும் சரிவுகளில் இரவில் காட்டுப்பன்றி இறங்கும்போது முதலில் குரல் கொடுப்பது அதுவே. ஆடு மேய்க்கும் சிறுவனுக்கு முன்னே ஓடுவதும், மிளகும் காப்பியும் உள்ள தோட்டத்தில் வேற்றாள் நுழைந்தால் அறிவிப்பதும் அதுவே. இவ்வாறு ஓயாது ஓடித் திரியும் நாய்க்கே காயமும் மிகுதி. துடிப்புள்ள இளம் நாய் பாறையினின்று பாறைக்குத் தாவும், முட்புதரில் புகும், பன்றியைத் துரத்தும், மலைச்சாலையில் வண்டிக்குக் குறுக்கே பாயும்.

ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென அலறிக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் வீட்டில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. ஒருவர் காலைப் பிடித்து இழுப்பார். ஒருவர் மஞ்சட்பொடியை அப்புவார். ஒருவர் தலைவலி மாத்திரையைத் தேடுவார். குழந்தைகள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும். நாய்க்கு நேர்ந்த காயத்தைக் காட்டிலும் இக்கலவரத்தால் விளையும் தீங்கு பெரிதாவதும் உண்டு.

இப்பாடத்தின் சாரம் ஒன்றே. அலறலின் உரத்தைக் கொண்டு காயத்தின் அளவை மதிப்பிடலாகாது. நகம் பிளந்த நாய் ஊரைக் கூட்டும். வண்டியில் அடிபட்டு வயிற்றினுள்ளே இரத்தம் கசியும் நாயோ ஓசையின்றி மூலையில் படுத்திருக்கும். ஆகையால் காதால் கேட்டு முடிவு செய்யாமல், வரிசை தவறாது கண்ணால் பார்த்துச் சோதித்து முடிவு செய்தல் வேண்டும். அவ்வரிசை கீழே விவரிக்கப்படுகிறது.

1. முதலில் மனிதருக்குப் பாதுகாப்பு

வலியுற்ற நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். இது நன்றி கெட்ட செயலன்று. வலியும் அச்சமும் சேர்ந்தபோது எப்பிராணிக்கும் உண்டாகும் இயல்பு. ஆகவே குழந்தைகளை முதலில் அப்பால் அனுப்புக. நாயை நன்கறிந்த ஒருவர் மட்டும் பக்கவாட்டில் மெதுவாகச் சென்று, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே அருகில் அமர்தல் வேண்டும். முகத்திற்கு நேரே குனிதலும் கட்டி அணைத்தலும் கூடா.

காயத்தைத் தொடுமுன் வாயைக் கட்டுதல் நலம். இரண்டு முழ நீளமுள்ள மெல்லிய துணியை எடுத்து, அதன் நடுவில் ஒரு சுருக்கு இட்டு, நாயின் மூக்குத்தண்டின்மேல் மாட்டி மிதமாக இறுக்குக. இரு முனைகளையும் தாடைக்குக் கீழே ஒருமுறை குறுக்காகக் கொண்டுவந்து, காதுகளுக்குப் பின்னால் எளிதில் அவிழும்படி முடிக. ஆனால் மூச்சுத் திணறும் நாய், வாந்தி எடுக்கும் நாய், நினைவிழந்த நாய், வாயில் காயமுற்ற நாய் ஆகியவற்றின் வாயைக் கட்டலாகாது. கட்டினால் மூச்சடைத்து இறக்க நேரிடும்.

2. சோதிக்கும் வரிசை

முதலாவது, மூச்சு. அமைதியாய் உள்ள நாய் நிமிடத்திற்குச் சுமார் 10 முதல் 30 முறை மூச்சு விடும். மார்பு ஏறி இறங்குவதைக் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தெரியும். ஓடி வந்த நாய் இளைப்பது இயற்கை. சிறிது நேரம் ஓய்ந்த பின்னும் கழுத்தை நீட்டி, வயிற்றை எக்கி மூச்சு வாங்குமாயின் அது அபாயக் குறி.

இரண்டாவது, ஈற்றின் நிறம். நாய் அமைதியாய் இருந்து இடங்கொடுத்தால் மட்டும் மேலுதட்டை மெல்ல உயர்த்திப் பார்க்கலாம். இளஞ்சிவப்பு நற்குறி. வெளுத்திருந்தால் இரத்தம் இழந்ததையோ அதிர்ச்சியையோ காட்டும். நீலம் பாய்ந்திருந்தால் காற்றுப் போதவில்லை என்பதாம். விரலால் ஈற்றை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவத்தல் வேண்டும். தாமதித்தால் இரத்த ஓட்டம் குன்றியுள்ளது. சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு. அவற்றிற்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்க.

மூன்றாவது, இரத்தப்பெருக்கு. நான்காவதாகவே கால், முதுகு முதலியவற்றைப் பார்த்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் காலை முதலில் பிடித்துக்கொண்டு மூச்சை மறந்துவிடுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை.

3. இரத்தப்பெருக்கு

சுத்தமான துணியை நான்காக மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்துக. ஐந்து நிமிடம் வரை துணியை எடுத்துப் பார்த்தல் ஆகாது. நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பவர், உறையத் தொடங்கிய இரத்தத்தைத் தாமே கலைத்துவிடுகின்றார். துணி நனைந்தால் அதை நீக்காமல் அதன்மேல் வேறொன்றை வைத்து அழுத்துக. இரத்தம் விட்டுவிட்டுப் பீச்சியடித்தால் நாடி அறுபட்டதென்று அறிந்து, அழுத்திய கையை எடுக்காமலே வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

நகம் பிளந்தால் இரத்தம் மிகுதியாய்த் தோன்றும், அச்சமும் மிகும். ஆயினும் உயிருக்கு அபாயமில்லை. நகத்தின் நுனியில் சிறிது கோதுமை மாவை வைத்துச் சில நிமிடம் அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும். பாதி பெயர்ந்து தொங்கும் நகத்தை வீட்டில் பிடுங்குதல் வேண்டாம்.

இரத்தம் நின்ற சிறு காயத்தைக் கொதித்தாறிய உப்பு நீரால் கழுவலாம். ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்புப் போதும்.

4. நாய் காலைத் தூக்கிக்கொண்டால்

மலையில் மிகுதியாய் நேர்வது இதுவே. முதலில் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்க்க. முள், கண்ணாடித் துண்டு, கூரிய கல், பிளந்த நகம் ஆகியவையே பெரும்பாலும் காரணம். சிறு முள்ளைச் சிமிட்டாவால் எடுத்துவிட்டுக் கழுவினால் போதும். ஆழ்ந்து தைத்த பொருளைப் பிடுங்கலாகாது. அதுவே இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டு இருக்கக்கூடும்.

பாதத்தில் ஒன்றும் இல்லையாயின் கால் நிற்கும் நிலையைப் பார்க்க. கால் வளையாத இடத்தில் வளைந்திருந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும், கால் துவண்டு தொங்கினாலும் எலும்பு முறிவென்று கொள்க. முறிந்த காலை இழுத்து நேராக்க முயலுதலும், பழக்கமில்லாதவர் மூங்கிற்சிம்பு வைத்துக் கட்டுதலும் கேடு தரும். பிழையாகக் கட்டிய கட்டு முறிந்த எலும்பின் கூரால் தசையைக் கிழிக்கும். இறுகினால் இரத்த ஓட்டத்தை நிறுத்தும். வெளியே தெரியும் காயத்தைத் துணியால் மூடி, நாயை அசையாமல் வைத்துக்கொண்டு செல்வதே தக்கது.

துடிப்புள்ள நாய்கள் ஓட்டத்தில் சட்டெனத் திரும்பும்போது பின்னங்காலில் நேரும் வேறொரு கேடும் உண்டு. முழங்காலினுள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்து போதலே அது. நாய் பின்னங்காலைத் தூக்கியே வைத்திருக்கும். அல்லது விரல் நுனியை மட்டும் நிலத்தில் ஊன்றும். சில நாட்களில் சற்றுத் தேறினாற்போலத் தோன்றினும், கவனியாது விட்டால் மூட்டு தேய்ந்து நிலையான முடமாகும்.

வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, உடனே செல்ல வேண்டுமா என்பதற்கு ஓர் எளிய அளவு உண்டு. நாய் நொண்டினாலும் காலை ஊன்றுகிறது, உணவு கொள்கிறது, வீக்கம் அதிகமில்லை என்றால், ஒரு நாள் கட்டிப்போட்டு ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். காலைச் சிறிதும் ஊன்றவில்லை, வீக்கம் வளர்கிறது, தொட்டால் அலறுகிறது என்றாலும், ஒரு நாள் சென்றும் தேறவில்லை என்றாலும் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். ஓய்வென்பது சிறுநீர் கழிக்கக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்வது மட்டுமே. வலி குறைந்தவுடன் துள்ளும் இளம் நாயை அவிழ்த்து விடுவதனால் சுளுக்கு முறிவாகும்.

5. வெளியில் சிறிது, உள்ளே பெரிது

சில காயங்கள் கண்ணை ஏமாற்றும். பன்றியின் கொம்பு குத்திய இடத்தில் தோலில் சிறு துளையே தெரியும். உள்ளே தசை ஆழக் கிழிந்திருக்கும். மார்பில் குத்துப்பட்டுக் காற்று உட்புகும் ஓசை கேட்டால், சுத்தமான ஈரத்துணியால் அவ்விடத்தை உடனே மூடிக் கொண்டு செல்க. வயிறு கிழிந்து குடல் வெளிப்பட்டால் அதை உள்ளே தள்ள வேண்டாம். கொதித்தாறிய உப்பு நீரில் நனைத்த துணியால் மூடித் தாங்கிப் பிடித்துக்கொண்டு செல்க.

வண்டி மோதிய நாயும், பாறையினின்று விழுந்த நாயும் எழுந்து நடந்தாலும் வைத்தியரிடம் காட்டப்படல் வேண்டும். நுரையீரல் நசுங்குதல், மூத்திரப்பை கிழிதல், உள்ளே இரத்தம் கசிதல் ஆகியவை சில மணி நேரம் கழித்தே வெளிப்படும். அடிபட்ட நாய் மறுநாள்வரை சிறுநீர் கழிக்காதிருந்தாலும், வயிறு உப்பினாலும், ஈறு வெளுத்தாலும் காலம் கடத்தலாகாது.

தமிழ்நாட்டின் மலையடிவாரங்களில் பன்றிக்கென வைக்கும் கம்பிச் சுருக்கும், அவுட்டுக்காய் என்னும் வெடியும் நாய்களையும் மாடுகளையும் பலி கொள்வதுண்டு. இவ்வாறு காட்டு விலங்குகளை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். சுருக்கில் அகப்பட்ட நாயை இழுத்தால் கம்பி மேலும் இறுகும். கனமான கோணிச்சாக்கால் தலையை மூடி, ஒருவர் உடலைப் பிடிக்க, மற்றவர் கம்பியை வெட்டுதல் வேண்டும். வெளியே காயம் இல்லாவிடினும் வைத்தியரிடம் காட்டுக. இறுகிய இடத்தில் தசை அழுகுவது சில நாள் சென்றே தெரியும்.

6. பாம்புக்கடி

முகமோ காலோ விரைந்து வீங்குதல், தள்ளாடுதல், வாயில் நுரை தள்ளுதல், கடிவாயில் இரத்தம் நில்லாது கசிதல் ஆகியவை பாம்புக்கடியைக் குறிக்கலாம். கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் மூன்றும் தீமையே. நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கும் ஒரே விஷமுறி மருந்து நாய்களுக்கும் பயன்படுகிறது. இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவதில் பெரும் பங்கு கொண்டது, 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் என்பது கூட்டுறவாளர் பெருமையுடன் அறியத்தக்கது.

7. செய்யத் தகாதவை

மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் தகாது. பாரசிட்டமால் கல்லீரலையும், இபுபுரூஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ‘சிறு துண்டு தானே’ என்று கொடுத்த மாத்திரையால், காலில் சுளுக்கு மட்டும் இருந்த நாய் இரத்த வாந்தி எடுக்கக்கூடும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, சாணம், சாம்பல், காப்பித்தூள் இவற்றைக் காயத்தில் இடுதலும் கூடாது. நினைவு மங்கிய நாயின் வாயில் பாலோ நீரோ ஊற்றினால் அது நுரையீரலில் இறங்கும். மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய நேரிடலாமாதலின், பெருங்காயமுற்ற நாய்க்கு வைத்தியரைக் காணும் வரை உணவும் கொடுக்க வேண்டாம்.

8. மலையினின்று கொண்டு செல்லுதல்

சோளக்காட்டினின்று காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நாயை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினால் ஒவ்வொரு வளைவிலும் காயம் குலுங்கும். முதுகோ இடுப்போ அடிபட்டதென்று ஐயம் இருந்தால், அகலமான பலகையின்மேல் இருவர் ஒரே நேரத்தில் நாயை நழுவவிட்டு ஏற்றி, தோளிலும் இடுப்பிலும் துணியால் பலகையோடு பிணைக்க. கழுத்தையும் வயிற்றையும் இறுக்க வேண்டாம். பலகை இல்லையேல் கம்பளத்தை நான்கு மூலையிலும் பிடித்துத் தூக்கலாம். மலைக்குளிரில் அதிர்ச்சியுற்ற நாயின் உடற்சூடு விரைந்து குறையுமாதலால் போர்த்திக் கொண்டு செல்க.

புறப்படுமுன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் வைத்தியர் உள்ளாரா என்று தொலைபேசியில் கேட்டறிக. கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்னும் எண்ணில் அழைக்கலாம். அறுவைச் சிகிச்சை வேண்டுமாயின் நாமக்கல்லில் 1985இல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. செம்மேட்டிலிருந்து சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் செல்ல நேரம் பிடிக்கும். ஆகையால் மாலையில் அடிபட்ட நாயை ‘விடியட்டும்’ என்று வைத்திருப்பதா, உடனே இறங்குவதா என்பதை மேற்கூறிய மூச்சு, ஈறு, இரத்தம் என்னும் மூன்றையும் கண்டே தீர்மானித்தல் வேண்டும். மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலும் காத்திருத்தல் தகாது.

9. மறக்கலாகாத வெறிநோய்

காயமுற்ற நாயைத் தொட்டவர் கடிபட்டால், நாயின் காயத்தைவிட மனிதரின் காயமே முதலில் கவனிக்கத்தக்கது. கடிவாயைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்க. கட்டும் தையலும் வீட்டில் போட வேண்டாம். பாரிசில் லூயி பாஸ்டர் 1885இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்து செலுத்தினார். நம் நாட்டின் தென்பகுதிக்கென 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. முன்னாளில் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவர் என்று அஞ்சி மறைத்தவர் உண்டு. அம்முறை இப்போது இல்லை. தோலினுள் செலுத்தும் இக்கால முறையில் முதல் நாளும், அதன்பின் 3, 7, 28ஆம் நாட்களும் கையிலேயே ஊசி போடப்படும். ஆழ்ந்த கடிக்கு, கடிவாயில் செலுத்தும் மருந்து ஒன்றும் சேர்த்துக் கொடுப்பர். நோய்க்குறி தோன்றிய பின் பிழைத்தல் மிக அரிது. ஆதலின் ஒரு தவணையும் தவறலாகாது.

இன்னும் ஒன்று. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க இயலாதிருக்கும் நாயைத் தொண்டையில் எலும்பு சிக்கிய நாய் என்று எண்ணி வாயினுள் கையை விடுவோர் உண்டு. வெறிநோயிலும் இதே தோற்றம் உண்டு. அத்தகைய நாயைத் தொடாமல் தனியே அடைத்து வைத்து வைத்தியருக்குத் தெரிவித்தல் வேண்டும். மூன்று மாதமான குட்டிக்குத் தடுப்பூசி போட்டு, பின் ஆண்டுதோறும் வைத்தியர் சொற்படி போட்டு வந்தால், காயம் நேர்ந்த அன்று நாயை அஞ்சாமல் அணுகலாம். தடுப்பூசி இவ்வகையில் முதலுதவிக்கும் முந்திய உதவியாகும்.

10. சங்கத்தார் செய்யக் கூடியது

தனியொரு குடும்பம் முதலுதவிப் பெட்டி வாங்கி வைத்தல் அரிது. வாங்கினும், வேண்டியபோது அது கைக்கு அகப்படுவதில்லை. இதுவே கூட்டுறவுக்கு உரிய இடம். ஐம்பது அங்கத்தினர் தலைக்கு 20 ரூபாய் கொடுத்தால் 1,000 ரூபாய் சேரும். சங்கத்தின் உபவிதிகள் இடங்கொடுக்குமாயின் பொது நல நிதியிலிருந்தும் சிறிது சேர்க்கலாம். கட்டுத்துணிச் சுருள், பஞ்சு, கத்தரிக்கோல், சிமிட்டா, சோப்பு, உப்பு, காயம் கழுவும் அயோடின் மருந்து, உடல்வெப்பமானி, வாய்கட்டும் துணி, கைவிளக்கு, பழைய கம்பளம், ஓர் அகலப் பலகை ஆகியவை போதும். அயோடின் மருந்தை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர் கலந்தே பயன்படுத்துக.

பெட்டியைப் பூட்டிச் சாவியைக் காரியதரிசி வீட்டில் வைத்தால் பயனில்லை. இரவிலும் எடுக்கத்தக்க இடத்தில் இருத்தல் வேண்டும். எடுத்தவர் பெயரும் எடுத்த பொருளும் ஒரு சிறு புத்தகத்தில் எழுதப்பட்டு, மாதந்தோறும் குறைந்தது நிரப்பப்படல் வேண்டும். வைத்தியர், 1962, வண்டி வைத்திருப்பவர் ஆகியோரின் எண்கள் மூடியின் உட்புறம் ஒட்டப்படுக. ஆண்டுக்கொரு முறை பொதுக்கூட்ட நாளன்று ஊரிலுள்ள எல்லா நாய்களுக்கும் தடுப்பூசி போடக் கால்நடை வைத்தியரை அழைத்தல் நலம். ஒரு வீட்டு நாய்க்கு மட்டும் ஊசி போடுவதால் ஊருக்குப் பாதுகாப்பில்லை. யாவரும் சேர்ந்தாலே பாதுகாப்பு உண்டு.

சங்கக் கூட்டத்தில் கேட்டு விடை காண வேண்டிய வினாக்கள்

1. எந்நிலையிலுள்ள நாயின் வாயைக் கட்டலாகாது?
2. மூச்சு, ஈறு, இரத்தம், கால் என்னும் வரிசை ஏன்?
3. துணி நனைந்தால் அதை ஏன் நீக்கலாகாது?
4. வண்டி மோதிய நாய் எழுந்து நடந்தாலும் ஏன் வைத்தியரிடம் காட்ட வேண்டும்?
5. நாய் கடித்தவர் முதல் 15 நிமிடத்தில் செய்ய வேண்டுவது யாது?
6. நம் ஊரில் இவ்வாண்டு தடுப்பூசி போடாத நாய்கள் எத்தனை? அவற்றிற்குப் போட வேண்டிய பொறுப்பை ஏற்பவர் யார்?

கடைசி வினாவுக்குரிய விடையைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.